நாலு மணிக்கு வெள்ளரிக்காய் சாண்ட்விச்

எங்கள் ஊர்ப் பக்கம் கையில் ரொட்டிப் பொட்டலத்தோடு வீட்டுக்குப் போனால், எதிரே வருகிறவர்கள் "யாருக்குக் காய்ச்சல்?" என்றுதான் கேட்பார்கள். நான் பிறந்து வளர்ந்தது உடுமலைப்பேட்டைக்குப் பக்கத்தில். அங்கே ரொட்டி என்றால் பத்தியம். டாக்டர் ஊசி போட்டுவிட்டு, "இட்லி கொடுங்க, இல்லாட்டி பாலும் ரொட்டியும்" என்று சொல்லி அனுப்புவார். சூடான பாலில் ஊறிச் சர்க்கரை தூவிய அந்தத் துண்டுகளின் வாசனை வந்தாலே இன்றைக்கும் எனக்கு நெற்றியில் ஈரத்துணி போட்ட மாதிரி இருக்கும். உடம்பு தேறிவிட்டால் மிச்ச ரொட்டியை யாரும் தொடமாட்டார்கள்.

கல்யாணமாகிக் கொழிஞ்சாம்பாறைக்கு வந்தபோது, சாயங்காலம் பேக்கரி வாசலில் நின்ற கூட்டத்தைப் பார்த்து எனக்கு ஆச்சரியம். ஆளுக்கொரு ரொட்டி வாங்கிக்கொண்டு, நல்ல தெம்பாக, சிரித்துப் பேசிக்கொண்டு போகிறார்கள். மாநிலம் கேரளம், பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா. 1949-க்கு முந்தைய காலத்தில் கொச்சி சமஸ்தானத்துப் பகுதி. ஆனால் தெருவில் பேச்சு தமிழ்தான். வேலந்தாவளம் தாண்டினால் கோயம்புத்தூர் மாவட்டம். பொள்ளாச்சிப் பேருந்தில் ஏறினால் சந்தைக்குப் போய்விட்டு மத்தியானத்துக்குள் திரும்பிவிடலாம். நாக்கு தமிழ்நாட்டில், பேக்கரி கேரளத்தில் என்று வாழ்கிற ஊர். இந்த ஊரில்தான் நான் வெள்ளரிக்காய் சாண்ட்விச் செய்யக் கற்றுக்கொண்டேன். இங்கே ஒரு கோடை இருந்து பார்த்தவர்களுக்கு அதன் அருமை சொல்லாமலே புரியும்.

மேற்குத் தொடர்ச்சி மலை வரிசையாக வந்து, எங்கள் பக்கத்தில் மட்டும் 30, 40 கிலோமீட்டர் அகலத்துக்கு விட்டுப்போகிறது. அந்தக் கணவாய் வழியாகத்தான் காற்று. மாசி பங்குனியில் அந்தக் காற்று அடுப்பு ஊதுகிற மாதிரி வரும். வெயில் 40 டிகிரியைத் தொடும் நாட்கள் உண்டு. என் மாமனாருக்கு 82 வயது. பற்கள் பெரும்பாலும் போய்விட்டன. பங்குனி பிறந்தால் மத்தியானச் சோற்றைப் பார்த்தாலே முகம் திருப்புவார். கம்மங்கூழ் கொஞ்சம், மோர் கொஞ்சம், அவ்வளவுதான். சாயங்காலம் நாலு மணிக்குத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும்போது பசியும் இருக்கும், எதையும் விழுங்கவும் மனம் வராது. அந்த நேரத்துக்கு அவர் மறுக்காமல் சாப்பிடுகிற ஒரே பொருள் இதுதான். மெல்லிசு, குளிர்ச்சி, மெல்ல வேண்டியதும் அதிகமில்லை.

"பச்சைக் காயும் ரொட்டியும் ஒரு சாப்பாடாங்கண்ணு?" என்று அத்தை இன்றைக்கும் கேட்கிறார். நியாயமான கேள்வி. வயிறு நிறையாது. ஆனால் கோடையில் நாலு மணிக்கு வேண்டியது வயிறு நிறைவதில்லை.

முதல்முதலாக நான் செய்தது என் மகள் இரண்டாம் வகுப்பு படித்தபோது. பள்ளியில் ஏதோ விழா, வீட்டுக்கு ஒரு பலகாரம் கொண்டுவரச் சொன்னார்கள். நெருப்பில்லாமல் ஆகிற வேலை என்று இதைத் தேர்ந்தெடுத்தேன். விடியற்காலை ஐந்தரைக்கு எழுந்து, இரண்டு பெரிய ரொட்டி, எட்டு வெள்ளரிக்காய், உப்பு, மிளகு. நாற்பது சாண்ட்விச்சை எவர்சில்வர் டப்பாவில் அடுக்கிக் கொடுத்தனுப்பினேன். பதினோரு மணிக்குத் திறந்தபோது அடித்தட்டு முழுக்க ஊறிப்போய், எடுத்தால் கையோடு பிய்ந்து வந்திருக்கிறது. குழந்தைகள் காயை மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டு மிச்சத்தை வைத்துவிட்டார்கள். டப்பாவின் அடியில் கால் தம்ளர் தண்ணீர். மகள் ஒன்றும் சொல்லவில்லை. டப்பாவைத் தானே கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாள். அதுதான் எனக்கு அதிகமாகச் சுட்டது.

அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று யோசித்ததில்தான் இந்தப் பண்டத்தின் சூட்சுமம் பிடிபட்டது. வெள்ளரிக்காயில் நூற்றுக்கு 95 பங்கு தண்ணீர். 200 கிராம் காயில் 190 கிராம் தண்ணீர் என்றால் ஏறக்குறைய ஒரு தம்ளர். அது காயின் நுண்ணறைகளுக்குள் கட்டுண்டு இருக்கிற வரைக்கும் பிரச்சினை இல்லை, அதுதான் அந்த மொறுமொறுப்பு. நறுக்கி மேலே உப்புத் தூவினால், பள்ளிக்கூடத்தில் படித்த சவ்வூடு பரவல் வேலையைத் தொடங்கிவிடும். உப்பு இருக்கிற பக்கத்துக்குத் தண்ணீர் வெளியேறும். நான் என்ன செய்திருந்தேன் என்றால், ரொட்டிக்குள் காயை வைத்து, அதன்மேல் உப்பைத் தூவி, மூடி, டப்பாவில் அடைத்துவிட்டேன். காய் ஐந்து மணி நேரம் ரொட்டிக்குள்ளேயே வடிந்துகொண்டிருந்திருக்கிறது.

அப்போ செய்ய வேண்டியது, அந்த வடிதலை ரொட்டிக்கு வெளியே முடித்துவிடுவது. ஊறுகாய் போடுகிற எல்லோருக்கும் தெரிந்த வேலைதான் இது. மாங்காயை உப்பில் போட்டுத் தண்ணீர் விடவைத்து, வெயிலில் காயவைப்பதில்லையா? அதே கணக்கு, இங்கே இருபது நிமிடத்தில்.

இப்போது நான் செய்வது இப்படி. நடுத்தரமான ஒரு வெள்ளரிக்காயைத் தோல் சீவுகிறேன். பிஞ்சாக இருந்தால் ஒரு கீற்று விட்டு ஒரு கீற்று சீவினால் போதும், பச்சைக் கோடுகள் பார்க்கவும் நன்றாக இருக்கும். விதை முற்றியிருந்தால் நீளவாக்கில் பிளந்து, கரண்டி நுனியால் வழித்து எடுத்துவிடுவேன், ஏனென்றால் அந்த வழுவழுப்பில்தான் தண்ணீர் அதிகம். அப்புறம் ஒரு ரூபாய் நாணயத்தின் கனத்துக்கு வில்லைகள். அதைவிடக் கனமாகப் போனால் கடிக்கும்போது மொத்த வில்லையும் வெளியே வழுக்கி வந்துவிடும். வடிதட்டில் பரப்பி, அரை டீஸ்பூன் உப்பைக் கையால் சீராகத் தூவி, கீழே ஒரு கிண்ணம் வைத்துவிட்டு, வேறு வேலை பார்க்கப் போய்விடலாம்.

போகாமல் நின்று பார்த்தால் ஒரு காட்சி உண்டு. முதல் இரண்டு நிமிடம் ஒன்றும் நடக்காது. அப்புறம் ஒவ்வொரு வில்லையின் முகத்திலும் வேர்வை அரும்புவதுபோல முத்து முத்தாக நீர் எழும். முத்துகள் ஒன்றோடொன்று சேர்ந்து ஓரத்துக்கு வழியும். விறைப்பாக நின்ற வில்லை மெல்ல இணங்கி, பக்கத்து வில்லையின் மேல் சாயும். பத்தாவது நிமிடத்தில் வெளிறிய வெள்ளை மாறி, கண்ணாடி மாதிரி உள்ளே வெளிச்சம் போகும். இருபது நிமிடத்தில் கிண்ணத்தில் இரண்டு மேசைக்கரண்டிக்குக் குறையாமல் தண்ணீர் சேர்ந்திருக்கும். அதைக் கொட்டிவிடாதீர்கள். உப்பும் வெள்ளரி வாசனையும் கலந்த அந்தத் தண்ணீரை மோரில் ஊற்றி, கறிவேப்பிலை கிள்ளிப் போட்டால் அன்றைய மோருக்குத் தனி ருசி.

வடிந்த வில்லைகளைத் துணியில் ஒற்றவேண்டும். காகித நாப்கின் ஒட்டிக்கொண்டு கிழியும். மாமனாரின் பழைய எட்டு முழ வேட்டி ஒன்றை நாலாகக் கிழித்துத் துவைத்து வைத்திருக்கிறேன். நூறு தடவை துவைத்த பருத்தி உறிஞ்சுகிற மாதிரி வேறு எதுவும் உறிஞ்சாது. ஒரு துண்டில் பரப்பி, இன்னொன்றால் மூடி, உள்ளங்கையால் அழுத்தினால் போதும். முறுக்கிப் பிழிய வேண்டாம், காய் நசுங்கிப் பச்சடி ஆகிவிடும்.

இனி வெண்ணெய். இங்கிலாந்துச் சமையல் குறிப்பு எதைப் பார்த்தாலும், வெண்ணெயை வெளியே எடுத்து வைத்து அறை வெப்பத்துக்கு வரவிடுங்கள் என்று இருக்கும். எங்கள் ஊர்ச் சமையலறை ஏப்ரலில் எந்த வெப்பத்தில் இருக்கும் என்று அதை எழுதியவர்களுக்குத் தெரியாது. பால் கொழுப்பு 35 டிகிரி வாக்கில் முழுக்க உருகிவிடும். பத்து நிமிடம் வெளியே வைத்தால் எண்ணெய்தான் மிஞ்சும். உருகிய வெண்ணெய் ரொட்டிக்குள் இறங்கிவிடும், மேலே நிற்காது. நமக்கு அது மேலேதான் நிற்கவேண்டும். ருசி ஒரு பக்கம் இருக்கட்டும், வெண்ணெய்க்கு இந்த இடத்தில் மழைக்காலத்துத் தார்ப்பாய் வேலை. காய்க்கும் ரொட்டிக்கும் நடுவே தண்ணீர் புகாத ஒரு படலம். எவ்வளவு ஒற்றினாலும் காயில் கொஞ்சம் ஈரம் இருக்கத்தான் செய்யும், அதைத் தடுப்பது இதுதான்.

அதனால் வெண்ணெய்க் கிண்ணத்தை மண்பானைக்குப் பக்கத்தில், ஈர மணல் பரப்பிய தட்டில் வைக்கிறேன். மணலில் அழுத்தி வைத்து, மேலே ஈரத்துணி போட்டால், விரலால் அழுத்தினால் குழிகிற பதத்திலேயே அரை மணி நேரம் நிற்கும். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்தவுடன் தடவினால் ரொட்டி பிய்யும், வெளியே விட்டால் உருகும். நடுவே இருக்கிற அந்தப் பதம்தான் வேண்டும், அதற்கு ஈர மணல்.

வீட்டில் தயிர் கடைந்து எடுத்த வெண்ணெய்தான் எனக்குப் பிடித்தது. கொஞ்சம் புளிப்பு வாசம் இருக்கும், அது வெள்ளரிக்கு நன்றாகப் பொருந்தும். ஆனால் வீட்டு வெண்ணெய்க்குள் மோர் தங்கியிருக்கும். குளிர்ந்த தண்ணீரில் மூன்று முறை அலசி, நாலாவது தண்ணீர் தெளிவாக வரும்வரை மரக்கரண்டியின் முதுகால் அழுத்திப் பிசைந்து வெளியேற்றவேண்டும். கடை வெண்ணெயிலேயே 16 சதவீதம் வரைக்கும் ஈரம் இருக்கலாம், கொழுப்பு 80 சதவீதமாவது இருக்கவேண்டும். வீட்டில் அலசாமல் எடுத்த வெண்ணெயில் ஈரம் அதைவிட நிறையவே இருக்கும். தடவும்போது ஓரம் விடக்கூடாது. நடுவில் மட்டும் தடவி நாலு மூலையையும் வெறுமையாக விடுகிற பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு. அந்த மூலைகளில்தான் முதலில் ஊறத் தொடங்கும்.

ரொட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. இந்தப் பக்கத்து பேக்கரிகளில் கிடைக்கிற பால் ரொட்டி டீயோடு தின்ன அருமை, இதற்கு ஆகாது. இனிப்பும் வெள்ளரியும் சண்டை போடும். இனிப்பில்லாத சாண்ட்விச் ரொட்டி என்று கேட்டு வாங்குங்கள். அன்று சுட்டதைவிட நேற்றையது மேல், கத்தி வைத்தால் நசுங்காது.

வெள்ளரிக்காய்க்கு வருகிறேன். இதில்தான் எனக்குச் சொல்ல அதிகம் இருக்கிறது.

வந்த புதிதில் என் கொழுந்தனாரிடம் வெள்ளரிக்காய் வாங்கிவரச் சொன்னேன். அவர் சித்தூர்க் கடையில் போய் "வெள்ளரிக்கா" என்று மலையாளத்தில் கேட்டிருக்கிறார். வந்தது, இரண்டு கையாலும் தூக்கவேண்டிய பொன்மஞ்சள் காய் ஒன்று. இருந்தாலும் வெட்டிப் பார்த்தேன். தடித்த தோல், கடினமான விதை, புளிப்போடு சப்பென்று ஒரு ருசி. அது கணிவெள்ளரி. விஷு அன்று விடியற்காலை கண்விழிக்கும்போது பார்க்கிற கணியில் வைப்பது, மற்ற நாட்களில் குழம்புக்குப் போவது. பார்வைக்கு வெள்ளரி, தாவரவியல் கணக்கில் அது முலாம்பழத்தின் இனம். பச்சையாகக் கடித்துத் தின்கிற காயை இங்கே கக்கரிக்கா என்பார்கள், கடைப் பலகையில் சாலட் வெள்ளரி என்று எழுதியிருப்பார்கள். வேடிக்கை என்னவென்றால், கக்கரிக்காய் என்பது நம் கொங்குப் பக்கத்துக் கிழவிகள் வாயிலும் இருக்கிற வார்த்தைதான். நான் வெள்ளரிக்காய் என்று படித்துத் தேறி வந்தேன், அத்தை முதல் நாளிலிருந்தே கக்கரிக்காய் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் பேச்சையே கேட்டிருந்தால் போதும். அந்தப் பொன்மஞ்சள் காயை அன்றைக்கு மோர்க்குழம்பு வைத்தோம். அதுவும் நன்றாகவே இருந்தது.

அத்தை தோட்டத்தில் இரண்டு வரிசை கக்கரி போடுகிறார். தை கடைசியில் குழி எடுத்து, மக்கிய சாணம் போட்டு, குழிக்கு நாலு விதை. முளைத்ததும் நல்லதாக இரண்டை விட்டுவிட்டு மற்றதைக் கிள்ளிவிடுவார். முதலில் வருகிற பூவெல்லாம் ஆண்பூ, காய்க்காது. அதைப் பார்த்து "மலட்டுக் கொடி" என்று நான் ஒருமுறை சொல்லிவிட்டேன். "அவசரப்படாத அம்மணி, பொட்டப்பூ பின்னாலதான் வரும், அடியில பிஞ்சு ஒட்டியிருக்கும் பாரு" என்று குனிந்து காட்டினார். மஞ்சள் பூவுக்குக் கீழே சுண்டு விரல் நுனி அளவுக்கு, முள்முள்ளாக, ஒரு முழு வெள்ளரிக்காயின் வடிவம். விதைத்து நாற்பத்தைந்து நாள் போல ஆனால் பறிக்கலாம். ஒருநாள் விட்டால்கூட முற்றிவிடும், அதனால் நாள் தவறாமல் கொடியைத் தூக்கிப் பார்ப்பார்.

கசப்பும் தண்ணீர்க் கதைதான். வெள்ளரி வகைக் கொடிகளில் குக்குர்பிட்டாசின் என்று ஒரு கசப்புச் சத்து உண்டு. வெயிலில் கொடி வாடினால், நீர் விட்டு விட்டுக் கிடைத்தால், காயில் அது ஏறும். காம்புப் பக்கமும் தோலை ஒட்டியும்தான் அதிகம். காம்பு நுனியை வெட்டி, வெட்டிய இடத்தில் வட்டமாகத் தேய்த்து நுரை எடுக்கிற வழக்கம் நம் எல்லா வீட்டிலும் உண்டே, அதில் தேய்ப்பதைவிட அந்த நுனியை வெட்டி எறிவதுதான் வேலை செய்கிறது என்பது என் எண்ணம். அத்தை ஒப்புக்கொள்ளமாட்டார். நானும் அவர் எதிரே தேய்த்துவிட்டுத்தான் நறுக்குகிறேன்.

எங்கள் தாலுகாவின் கிழக்குப் பகுதி மழை மறைவுப் பிரதேசம். கேரளம் என்றால் எங்கும் மழை என்று நினைக்கிறவர்கள் எருத்தேன்பதி, வடகரப்பதிப் பக்கம் வந்து பார்க்கவேண்டும். சித்தூர்ப் புழை என்கிற ஆற்றுக்குத் தண்ணீர் வருவது பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி. இரண்டு மாநிலமும் 1970-ல் கையெழுத்துப் போட்டது, ஆண்டுக்கு 7.25 டிஎம்சி மணக்கடவு அணைக்கட்டில் கொடுக்கவேண்டும். அந்த நீர் பாய்கிற வயல்களுக்கு ஒரு கோடை, ஆழ்துளைக் கிணற்றை நம்பியிருக்கிற எங்களுக்கு வேறு கோடை. கிணறு ஓய்ந்த வருஷம் கக்கரி கசக்கும். போன வருஷம் பங்குனியில் மோட்டார் பழுதாகி ஒன்பது நாள் தண்ணீர் இல்லை. அப்புறம் பறித்த காயைக் கடித்துவிட்டு மாமனார் ஒன்றும் பேசாமல் கொடிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். எந்த வாரம் தண்ணீர் நின்றது என்று காயிலேயே தெரிந்தது.

சந்தைக்குப் போவது நேரான காய். வளைந்தது வீட்டுக்கு. தேனீ சரியாக வந்து போகாத பூவில் காய் ஒரு பக்கம் மட்டும் பெருத்து வளைந்துவிடும். ருசியில் ஒரு குறையும் கிடையாது, ஆனால் வியாபாரி கழித்துவிடுவார். இந்த நேர்க்காய் மோகம் இன்று நேற்று வந்ததில்லை. ரயில் என்ஜின் கட்டிய ஜார்ஜ் ஸ்டீபன்சன் ஓய்வு பெற்று இங்கிலாந்தில் செஸ்டர்ஃபீல்டுக்குப் பக்கத்தில் தோட்டம் போட்டிருந்தபோது, வெள்ளரிக்காய் வளையாமல் வளர்வதற்காகக் கண்ணாடிக் குழாய் செய்வித்து, பிஞ்சை அதற்குள் விட்டு வளர்த்தாராம். தண்டவாளம் போட்ட கைக்கு வளைந்த காயைப் பொறுக்க முடியவில்லை போலிருக்கிறது. எனக்கு அந்த மனிதரை ரொம்பப் பிடிக்கும். ஒரு வெள்ளரிக்காய்க்காக அவ்வளவு மெனக்கெட்டிருக்கிறார்.

அந்தக் குளிர் நாட்டில் வெள்ளரிக்குக் கண்ணாடி வீடும், கணப்பும், ஆளும் தேவைப்பட்டது. அதனால்தான் அது அங்கே பெரிய வீடுகளின் நாலு மணித் தட்டில் ஏறியது. ஆனால் வெள்ளரி பிறந்த மண் நம்முடையது. அதன் காட்டு உறவுக் கொடி இமயமலை அடிவாரத்தில் இன்றும் தானாக வளர்கிறது. இந்தியாவில் மூவாயிரம் ஆண்டுகளாவது பயிரிட்டிருப்பார்கள் என்கிறார்கள். அத்தை சும்மா மண்ணில் நாலு விதை ஊன்றி எடுப்பதை அங்கே கண்ணாடிக்குள் வைத்து வளர்த்தார்கள். யார் வீட்டுப் பண்டம் என்று கேட்டால் பாதி அவர்களுடையது, பாதி நம்முடையது என்று தயங்காமல் சொல்வேன்.

"இதுக்கு ஏன் அம்மணி இப்படி ஒரு பேரு?" என்று மாமனார் ஒருநாள் கேட்டார். சாண்ட்விச் என்பது இங்கிலாந்தில் கென்ட் பகுதியில் ஒரு ஊர் என்றும், அந்த ஊர்ப் பட்டத்தைச் சுமந்த ஜான் மாண்டேகு என்ற பிரபுவால் இந்தப் பேர் வந்தது என்றும், 1762-லேயே ஒருவர் தன் நாட்குறிப்பில் இதைச் சாப்பிட்டதாக எழுதியிருக்கிறார் என்றும் சொன்னேன். "ஓ, மணப்பாறை முறுக்கு மாதிரி" என்றார். இத்தனை நாள் நான் படித்த விளக்கங்களில் இதுதான் சுருக்கமானது.

அடுக்கும் முறை: வெண்ணெய் தடவிய ரொட்டியில் வில்லைகளை ஓடு வேய்கிற மாதிரி, ஒன்றின் ஓரம் அடுத்ததன்மேல் ஏற, இரண்டு வரிசை. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் நடுவே சந்து விழும், கடிக்கும்போது ஒரு வாய் வெறும் ரொட்டியாகப் போகும். மேலே அப்போது பொடித்த மிளகு. உப்பு மறுபடி வேண்டாம், காயில் ஏறியிருப்பது போதும். எலுமிச்சை பிடிக்குமென்றால் இரண்டே சொட்டு. வெண்ணெய் தடவிய இன்னொரு துண்டால் மூடி, உள்ளங்கையால் லேசாக அழுத்தி, அதற்கப்புறம் ஓரங்களை வெட்டவேண்டும். முன்னாலேயே வெட்டிவிட்டு அடுக்கினால் விளிம்பு ஒன்றுக்கொன்று சேராது. ரம்பப் பல் உள்ள கத்தியை அழுத்தாமல் இழுத்து இழுத்து அறுத்து, ஒவ்வொன்றையும் மூன்று விரல் துண்டாக்குகிறேன். வெட்டிய ஓரங்களை மொட்டை மாடியில் காயவைத்துப் பொடித்தால் கட்லெட்டுக்கு ஆகும்.

புதினா இரண்டு இலை வைக்கலாம். பச்சைச் சட்னி தடவி, உருளைக்கிழங்கு, பீட்ரூட், வெங்காயம் அடுக்குகிற மும்பைப் பாணி சாண்ட்விச்சையும் நான் விரும்பிச் சாப்பிடுவேன். ஆனால் அதில் வெள்ளரி கூட்டத்தோடு கூட்டம். மயோனைஸ் மட்டும் வேண்டாம். அதன் புளிப்புக்கும் கொழுப்புக்கும் நடுவே வெள்ளரியின் மெல்லிய வாசனை இருந்த இடம் தெரியாமல் போய்விடும்.

செய்தவுடனே சாப்பிடவேண்டும். இதில் நான் பிடிவாதக்காரி. நன்றாகப் பிழிந்த ஈரத்துணி மூடி வைத்தால் அரை மணி நேரம் தாங்கும், எங்கள் வெயிலில் அதற்குமேல் நான் உத்தரவாதம் தரமாட்டேன். எங்கேயாவது கொண்டுபோவதாக இருந்தால் வடித்து ஒற்றிய காயை ஒரு டப்பாவிலும், வெண்ணெய் தடவிய ரொட்டியை இன்னொன்றிலும் எடுத்துக்கொண்டு, போன இடத்தில் சேர்ப்பேன். மகள் பத்தாம் வகுப்புக்கு வந்தபோது மறுபடி பள்ளியில் ஒரு விழா. இந்த முறை அவளே இரண்டு டப்பாவையும் வேட்டித் துணியையும் கேட்டு வாங்கிப் போனாள். தோழிகள் நாலு பேர் வரிசையாக நின்று அங்கேயே அடுக்கினார்களாம். டப்பா காலியாக வந்தது, உள்ளே மிளகுத்தூள் மட்டும் ஒட்டியிருந்தது.

இப்போது பங்குனி. மூன்றரைக்கு வடிதட்டை எடுத்தால் திண்ணையில் மாமனார் செருமுகிற சத்தம் கேட்கும், அது எனக்கு மணியடித்த மாதிரி. நாலு மணிக்குத் தட்டில் ஆறு துண்டு வைத்துக் கொடுக்கிறேன். ஒவ்வொன்றையும் இரண்டு கடியில், அவசரமில்லாமல் சாப்பிடுகிறார். அத்தை இன்னமும் ரொட்டியைத் தொடுவதில்லை. வளைந்த காய்களின் வால் பகுதி, வெட்டிப்போட்ட கோணல் துண்டுகள், சீவிய தோலில் சதை ஒட்டிய கீற்றுகள், எல்லாவற்றையும் ஒரு கிண்ணத்தில் போட்டுக்கொள்வார். உப்பும் மிளகாய்த்தூளும் தூவி, வாசற்படியில் காலை நீட்டி உட்கார்ந்து, கருக் கருக்கென்று கடிப்பார். எனக்கும் ஒரு துண்டு நீட்டுவார்.